மூன்றாம் லைன் டோக்கன்

மகேஸ்வரிக்குத் தன்னம்பிக்கை போதாது என்று முதன்முதலில் கண்டுபிடித்த மேதை யாரென்று தெரியவில்லை. கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதை எழுதியும் வைத்துவிட்டார். மைசூரில் விஜயநகர் நான்காம் ஸ்டேஜ் குடியிருப்பைத் தாண்டிப் போகிற சாலையில் இருக்கிறது அந்தச் சட்டை கம்பெனி. அங்கே வருடா வருடம் ஏப்ரல் மாதத்தில் ஒவ்வொரு தொழிலாளியைப் பற்றியும் ஒரு தாளில் குறிப்பு எழுதுவார்கள். வேலை: மிக நன்று. நேரம் தவறாமை: மிக நன்று. தன்னம்பிக்கை: போதாது. அடுத்த வருடமும் அதே தாள், அதே மூன்று வரி. ஆறு வருடம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரியைக் காட்டித்தான் அவளுக்கு சூப்பர்வைசர் வேலை கிடையாது என்றார்கள்.

அந்த ஆறு வருடத்தில் சூப்பர்வைசர் ஆனவர்களில் நான்கு பேருக்கு மெஷினில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். மதன் என்கிற பையன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தவன். குண்டலுபேட்டைக்காரன், வீட்டில் தமிழ் பேசுகிறவன் என்பதால் ‘அக்கா, அக்கா’ என்று அவள் மெஷினையே சுற்றி வந்தான். அவள் தைக்கிற மெஷின் வரிசையான மூன்றாம் லைனுக்கு சூப்பர்வைசர் ஆன மறுநாளே அக்கா போய் ‘ஏ மகேஸ்வரி’ வந்துவிட்டது. அவனிடம் இருக்கிற, அவளிடம் இல்லாத ஒன்றே ஒன்று, சத்தம். காலை ஒன்பது மணியிலிருந்து நாற்பத்தைந்து பெண்களைப் பார்த்து, “கை ஓடலியா? ஊட்டுக்குப் போய்த் தூங்கு” என்று தொண்டை கிழியக் கத்துவதற்கு அந்த ஆபீசில் தன்னம்பிக்கை என்று பெயர்.

மகேஸ்வரிக்கு வயது நாற்பத்தொன்று. ஊர், மார்டள்ளிக்கும் உள்ளே தள்ளி, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகவேண்டிய ஒரு சின்ன இடம். வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக வளர்ந்தவள். இருபத்திரண்டு வயதில் லிங்கப்பனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். லிங்கப்பனுக்கு சென்ட்ரிங் வேலை. விஜயநகரில் பாதி வீடுகளின் கூரைக்குப் பலகை அடித்தவன் தானென்று சொல்லிக்கொள்வான். கூர்கள்ளியில் ஒற்றை அறை எடுத்துக் குடியேறினார்கள். மறு வருடமே அவள் கம்பெனியில் சேர்ந்தாள். பதினெட்டு வருடமாகக் காலர் வைக்கிறாள். மணிக்கு ஐம்பது காலர், ஒன்றுகூடத் திரும்பி வராது. எந்தெந்த நாட்டிலோ எத்தனையோ துரைமார்கள் அவள் வைத்த காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் தன்னம்பிக்கை நிறைய இருக்கும் போலிருக்கிறது.

அவளுக்குப் பேச வராது என்பதும் பொய். பக்கத்து மெஷின் பழனாத்தாளிடம் அவள் பேசுகிற பேச்சில் மதன் படுகிற பாட்டை அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே குண்டலுபேட்டைக்கு பஸ் ஏறியிருப்பான். ஆனால் நான்கு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். கை நடுங்கும். அடிவயிறு கனத்து, உடனே ஒன்றுக்குப் போயாக வேண்டும் போல இருக்கும். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு விபூதி வைக்க முன்னால் வரச் சொன்னால்கூட அவள் பின்கட்டுக்கு ஓடிவிடுவாள்.

இதற்குக் காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக் குடியரசு தின விழாவில் அவள் மேடையேறிக் கொடியைப் பற்றி எட்டு வரி சொல்லவேண்டும். மைக்கைப் பார்த்ததும் பயந்துபோய் அங்கேயே பாவாடையை நனைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இந்தக் கதை வரும். பெண் பார்க்க வந்த அன்று லிங்கப்பன் வீட்டாரிடமும் அவளுடைய மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். முப்பத்திரண்டு வருடமாக, தன்னை ஒரு பயந்தாங்கொள்ளி என்று அவளே நம்பிவிட்டாள்.

இப்போது டோக்கனைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லவே கூசுகிறது. ஆனால் சொல்லக் கூசுகிற அதைச் செய்ய அவர்களுக்குக் கூசவில்லையே.

ஒவ்வொரு லைனிலும் சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் உள்ளங்கையளவு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று தொங்கும். அதில் லைன் நம்பர் எழுதியிருக்கும். பாத்ரூம் போகவேண்டியவள் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி மாதம்மா டோக்கனைப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்க முடியும். நாற்பத்தைந்து பேருக்கு ஒரு டோக்கன். உற்பத்தி பாதிக்கக் கூடாதாம். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் மாலையில் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். நீர்க்கடுப்பு வராத பெண் அந்த லைனில் இல்லை. பழனாத்தாளுக்கு ஐம்பது வயது, அதோடு சர்க்கரை வேறு. அரைமணிக்கு ஒருதரம் போகவேண்டியவள் மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பாள். மாதம்மாவும் கெட்டவள் இல்லை. டோக்கன் இல்லாமல் ஒருத்தியை விட்டதற்காக அவளுக்கு முன்னால் இருந்தவளை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்வதற்குத்தான் தன்னம்பிக்கை வேண்டும். ஆனால் கம்பெனி கொடுக்க முன்வந்த தன்னம்பிக்கை வேறு வகை.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. சட்டைகளை மொத்தமாக வாங்குகிறவர்கள். தொழிலாளர் சார்பில் ஒருவர் மேடையேறி நன்றியுரை வாசிப்பது அங்கே வழக்கம். உரையை ஆபீஸ் எழுதிக்கொடுக்கும். வாசிப்பவள் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. ஃபேக்டரி மேனேஜர் சுரேந்தர் மகேஸ்வரியைக் கூப்பிட்டனுப்பினார். வாயே திறக்காதவள், எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டாள் என்பதுதான் அவள் பெயர் அடிபட்டதற்குக் காரணம். ஆனால் அவளிடம் அப்படியா சொல்வார்கள்?

“பதினெட்டு வருஷ சர்வீஸ். உன்னை விட்டா யாரு பேசறது?” என்றார் சுரேந்தர் கன்னடத்தில். “நல்லா பேசிட்டேன்னா சூப்பர்வைசர் போஸ்ட் உனக்குத்தான். என் பொறுப்பு.”

அவளுக்கு அந்த வேலை வேண்டும். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மணி நேரம் குனிந்து உட்காருவது இன்னும் இரண்டு வருடம்கூடத் தாங்காது. நின்று நடந்து செய்கிற வேலை அந்த ஃப்ளோரில் அது ஒன்றுதான். அதைவிட, தான் கற்றுக்கொடுத்தவர்கள் தன்னைப் பெயர் சொல்லி அதட்டுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனம் நொந்துபோயிருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வந்தவள் நேராக ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள்.

அவளுக்குப் பயிற்சி கொடுக்க அச்யுத் என்பவரை ஏற்பாடு செய்தார்கள். வயது முப்பத்தொன்று. விஜயநகரில் வீடு. சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, மேடைப் பயம் போக்குவதையே தொழிலாக வைத்துக்கொண்டிருந்தார். மேலுகோட்டைக் குடும்பம், பல தலைமுறையாக வீட்டில் தமிழ். அவள் வாயைத் திறந்ததுமே முகம் மலர்ந்து, “நீங்களும் தமிழா மேடம்? எங்காத்துலயும் தமிழ்தான். ஆனா எனக்கு எழுதப் படிக்க பரல்ல” என்று, ‘வராது’ என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்தார். தன்னை ஒருவர் மேடம் என்று கூப்பிட்டது பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மொத்தம் ஆறு வகுப்பு. நிமிர்ந்து நிற்கச் சொன்னார், நின்றாள். மூச்சை இழுத்து விடச் சொன்னார், விட்டாள். தினமும் காலையில் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று ‘என்னால் முடியும்’ என்று இருபது தடவை சொல்லச் சொன்னார். ஒற்றை அறையில் ஆளுயரக் கண்ணாடிக்கு எங்கே போவது? லிங்கப்பன் சவரம் செய்துகொள்ளும் கண்ணாடியில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் தெரியும். இடது கண்ணுக்குப் பத்து தடவையும் வலது கண்ணுக்குப் பத்து தடவையும் சொன்னாள்.

மூன்றாவது வகுப்பில் அவர் கேட்டார். “மேடம், இந்த பயம் எப்போ ஆரம்பிச்சுது? ரூட் காஸ் என்னன்னு சொல்லுங்கோ.”

“சின்னதுல பள்ளிக்கோடத்துல மேடையேறுனனுங்க சார். பயந்துக்கிட்டு பாவாடையிலயே போயிட்டனுங்க.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் புதையல் கிடைத்த மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டார். “பர்ஃபெக்ட். இதான், இதான். சைல்ட்ஹுட்ல வந்த பயம். அதை வெளில தூக்கிப் போட்டுடலாம். கான்ஃபிடன்ஸ்ங்கறது உள்ளேர்ந்து வரணும் மேடம்.”

பயம் உள்ளேயிருந்து வந்தது, எனவே தன்னம்பிக்கையும் உள்ளேயிருந்து வரவேண்டும். இந்தக் கணக்கில் வெளியே ஆணியில் தொங்குகிற மஞ்சள் வில்லைக்கு இடமே இல்லை. அந்த வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் இரண்டு தொடையையும் இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகலாமா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. மேடத்துக்கு வெளியே போகவேண்டியிருக்குமோ என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் பயிற்சி வீண்போகவில்லை. அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் மட்டும் நன்றாகவே உதவின. ஒன்று, ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்துப் பேசுவது. இன்னொன்று, நடுங்குகிற கையில் பேனா மாதிரி எதையாவது இறுகப் பிடித்துக்கொள்வது. விழாவுக்கு முந்தின நாள் கன்னடத்தில் இருந்த அந்த ஒரு பக்க உரையைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழனாத்தாள் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

“‘இந்த நிறுவனம் எங்களுக்குத் தாய்வீடு’ன்னு நீயே சொல்றியா, அவிய எழுதுனதா?”

“அவிய எழுதுனதுக்கா. நான் வாசிக்கறதுதான்.”

“அது சரி கண்ணு. நல்லா வாசி. உனக்கு அந்த வேல வந்துட்டா எங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட்டாப்புல இருக்கும்” என்றாள் பழனாத்தாள். அவள் வாசிப்பதற்காகக் காத்திருப்பவர்கள் நாற்பத்து நான்கு பேர் என்பது மகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

விழா, கேன்டீன் ஷெட்டில். ஐநூறு நாற்காலிகளை லைன் வாரியாகப் போட்டிருந்தார்கள். போன வருடம் பேச்சு நடக்கும்போது பெண்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து போய்விட்டார்களாம். அதனால் இந்த வருடம் விழாவுக்கும் டோக்கன். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் சூப்பர்வைசர் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தான். பெண்கள் உழைக்கும்போது மட்டுமல்ல, கைதட்டும்போதும் அடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று முடிவெடுத்த அந்தப் புண்ணியவானுக்கும் வீட்டில் தாயார் இருந்திருப்பாள்.

நிகழ்ச்சி நிரலில் மகேஸ்வரி கடைசி. பயத்தில் அவள் மதனிடம் இரண்டு தடவை டோக்கன் வாங்கிப் போய் வந்தாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவன், “இன்னைக்கு ஒரு நாள்தான், போ” என்று பெரிய மனது பண்ணிக் கொடுத்தான். அவள் உள்ளே இருக்கும்போதே, விருந்தாளிகள் விமானத்துக்குக் கிளம்பவேண்டும் என்பதற்காக நிரலை மாற்றிவிட்டார்கள். மதன் பாத்ரூம் வாசலுக்கே ஓடி வந்தான்.

“பேரு கூப்ட்டாச்சு. வா, வா, மேனேஜர் என்னத் தின்றுவாரு.”

கையைத் துடைக்கக்கூட விடாமல் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடைப் படியில் ஏற்றிவிட்டான். ஆணியில் மாட்டாமல், அடுத்தவளிடம் கொடுக்காமல் டோக்கனை வைத்திருப்பது அந்த லைனில் மன்னிக்க முடியாத குற்றம். பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் அதைச் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தாள். பேனா நாற்காலியிலேயே தங்கிவிட்டது, இடுப்பில் செருகியிருந்த தாள் மட்டும் வந்தது. கையில் இருந்தது டோக்கன்தான். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆச்சரியம், கை நடுங்கவில்லை. அச்யுத் சார் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மேடையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மைசூர்ப் பேட்டா தலைப்பாகையும் சந்தன மாலையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பேச்சை மொழிபெயர்க்கப் பெங்களூர் அலுவலகத்திலிருந்து அக்ஷதா என்கிற பெண் வந்திருந்தாள். பக்கத்தில் சுரேந்தர். கீழே முதல் வரிசையில் அச்யுத் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மகேஸ்வரி பின்சுவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். வணக்கம் சொன்னாள். முதல் பத்தி வந்துவிட்டது. இரண்டாம் பத்தியும் வந்துவிட்டது. குரல் ஷெட் முழுவதும் தெளிவாகக் கேட்டது. சுரேந்தர் தலையை ஆட்டி ரசித்தார். சூப்பர்வைசர் வேலைக்கு இன்னும் எட்டே வரிதான் பாக்கி.

மூன்றாம் பத்திக்காகத் தாளைப் பார்க்கும்போது கண் சுவரை விட்டுக் கீழே இறங்கியது. மூன்றாம் வரிசையில் பழனாத்தாள் எழுந்து நின்று மதனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மதன் இல்லையென்று தலையசைத்தான். வாயை அசைக்காமல் முகவாயால் மேடையைக் காட்டினான். பழனாத்தாள் மேடையைப் பார்த்தாள். மகேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து, முன்னால் குனிந்து, வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்த முகத்தை மகேஸ்வரிக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவளுக்கே இருந்த முகம் அது. அந்தக் குடியரசு தினத்தில் காலை ஏழு மணிக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். விழாத் தலைவர் வர பதினொன்றரை ஆயிற்று. ஒன்றுக்குப் போகலாமா என்று டீச்சரிடம் ஒரு தடவை கேட்டாள். சும்மா நில் என்றார். இன்னொரு தடவை கேட்டாள். இப்போது போனால் வரிசை கலைந்துவிடும் என்றார். மேடைப் படியில் கால் வைக்கும்போது மூன்றாம் தடவை கேட்டாள். தலையில் குட்டி மேலே ஏற்றிவிட்டார். இதெல்லாம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. ஊர் சொன்ன கதை மட்டும்தான் ஞாபகத்தில் தங்கியிருந்தது.

“பழனாத்தாக்கா” என்றாள் மகேஸ்வரி. மைக்கில்தான் சொன்னாள், தமிழில் சொன்னாள். “டோக்கன் எங்கிட்ட இருக்குது. வந்து வாங்கிக்கங்க.”

ஆண்கள் பக்கத்தில் யாரோ கெக்கலித்தார்கள். பழனாத்தாள் எழவில்லை. ஐநூறு பேர் திரும்பிப் பார்க்கும்போது எப்படி எழுவாள்? அவமானத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகேஸ்வரி மைக்கை விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். வரிசைக்குள் புகுந்து, பழனாத்தாளின் கையில் டோக்கனை வைத்து, “போயிட்டு வாங்கக்கா, ஒண்ணும் ஆகாது” என்றாள். பழனாத்தாள் தலைகுனிந்து நடந்து போனாள்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். யாரும் அவளைத் திரும்ப மேலே கூப்பிடவில்லை. கூப்பிட்டால்கூடப் போகாதவள் அவள். ஆனால் அன்றைக்குத் திரும்பிப் படியேறினாள். அக்ஷதா சுரேந்தரிடம் அது என்ன டோக்கன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுரேந்தர் சிரித்த முகத்தோடு, “பரிசுக் குலுக்கல் மேடம். வொர்க்கர்ஸ்க்கு ஒரு சர்ப்ரைஸ்” என்றார்.

இது காதில் விழுந்திராவிட்டால் அவள் மிச்ச எட்டு வரியையும் வாசித்துவிட்டே இறங்கியிருப்பாள். பரிசாம். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. தாளை மடித்து இடுப்பில் செருகினாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கை நடுங்கத்தான் செய்தது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். பேசியது கன்னடத்தில். தமிழ் வாடை அடிக்கிறதென்று எல்லோரும் கேலி செய்கிற அவளுடைய கன்னடத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“அது பரிசு இல்லீங்க. ஒண்ணுக்குப் போறதுக்குக் குடுக்கற டோக்கன். நாப்பத்தஞ்சு பொம்பளைங்களுக்கு ஒண்ணு. அத நான் கையில வெச்சுக்கிட்டு இங்க நின்னு பேசிட்டிருந்தன். எங்க லைன்ல யாரும் எந்திரிக்க முடியல. இந்தத் தாள்ல இது எங்களுக்குத் தாய்வீடுன்னு எழுதியிருக்குது. தாய் வீட்ல யாருங்க டோக்கன் குடுப்பாங்க?”

சுரேந்தர் எழுந்து மைக்குக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் வெளியாள், வாடகைக்கு மைக் கொண்டுவந்தவன். அவனுக்கு எந்த சுவிட்சைச் சொல்கிறார் என்று புரியவில்லையோ, புரிந்தும் விட்டுவிட்டானோ.

“ஒம்பது வயசுல இதே மாதிரி மேடையில நின்னு பாவாடைய நனச்சுப்போட்டன். பயந்துட்டன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தன். நான் பயப்படலீங்க. மூணு தடவ கேட்டன். விடல.” அதற்குமேல் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தாளின் கடைசிச் சொல் ஞாபகம் வந்தது. “நன்றி” என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. ஏழாம் வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்தாள். டோக்கன் கேட்காமல் பாத்ரூம் பக்கம் நடந்தாள். பக்கத்திலிருந்தவள் எழுந்தாள். அப்புறம் இரண்டாம் வரிசையில் ஐந்தாறு பேர். நாற்காலிகள் தரையில் இழுபடுகிற சத்தம் ஷெட் முழுவதும் பரவியது. சூப்பர்வைசர்கள் எழுந்து நின்றார்கள், ஆனால் யாரைத் தடுப்பது என்று தெரியவில்லை. வாசலில் மாதம்மா அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு தன் ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். சுரேந்தர் பாதி காலி நாற்காலிகளைப் பார்த்து முடிவுரை ஆற்றினார். வெள்ளைக்காரர்களின் காதில் அக்ஷதா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆணிகள் மட்டும் இருந்தன, டோக்கன்களைக் காணோம். பத்து நாள் கழித்து அந்த இடத்தில் ஒரு நோட்டு வந்தது. போகிற நேரம், வருகிற நேரம் எழுதவேண்டுமாம். மூன்றாம் லைனில் ஒருத்தியும் எழுதவில்லை. போனார்கள், வந்தார்கள். நோட்டு ஒரு மாதம் வெள்ளையாகவே கிடந்து, பிறகு அதில் மதன் பீஸ் கணக்கு எழுத ஆரம்பித்தான்.

ஏப்ரல் வந்தது. குறிப்புத் தாளும் வந்தது. வேலை: மிக நன்று. நேரம் தவறாமை: மிக நன்று. தன்னம்பிக்கை: அளவுக்கு மீறியது. சூப்பர்வைசர் வேலை வேறொரு பையனுக்குப் போயிற்று. ஆறு வருடம் போதாமல் இருந்தது ஒரே நாளில் அளவு தாண்டிவிட்டது. சரியான அளவு எது என்று அவர்கள் ஒரு வருடமும் சொன்னதில்லை. மகேஸ்வரி அந்தத் தாளைப் பழனாத்தாளிடம் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போனபிறகு முதுகை நிமிர்த்த முடியாமல் படுத்துக்கொண்டு அழுதாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கிடையில் அச்யுத் தன் வீடியோவை நெட்டில் போட்டிருந்தார். ‘ஆறே வகுப்பில் மேடைப் பயத்தை வென்ற தொழிலாளி’. மகேஸ்வரி முதல் இரண்டு பத்தியையும் அழகாகப் பேசுகிறாள். அத்தோடு வெட்டிவிட்டு, கைதட்டல் சத்தத்தை எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்திருந்தார். அவள் அவருக்கு போன் செய்தாள். பெரிய மனிதர் ஒருவருக்குத் தானாக போன் செய்து சண்டை போடுவது அவளுக்கு அதுவே முதல் முறை.

“சார், எம்பேச்சப் போட்டா முழுசாப் போடுங்க. இல்லீனா எடுத்துப்போடுங்க.”

“மேடம், பார்க்கறவாளுக்கு பாசிடிவ்வா இருக்கணும்னுதான்...”

“எங்களுக்கு மூத்திரக்கடுப்பு சார். அதுல பாசிடிவ் என்னங்க இருக்குது?”

அவர் தயங்கிக் கேட்டார். “சின்ன வயசுல மூணு தடவை கேட்டேள்னு அன்னிக்கு க்ளாஸ்ல சொல்லவே இல்லையே மேடம்?”

“நீங்க பயத்தப் பத்தித்தானுங்க கேட்டீங்க” என்றாள் அவள்.

அன்று மத்தியானமே வீடியோ போய்விட்டது. முழுசாகப் போடும் தைரியம் அவருக்கு வரவில்லை. அதற்கு யாரிடமாவது அவர் ஆறு வகுப்பு போகவேண்டியிருக்கலாம்.

ஜூன் மாதம் தொழிலாளர் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. வழக்கமாக ஆபீஸ் சொல்கிற பெயருக்குத்தான் கை தூக்குவார்கள். இந்தமுறை மூன்றாம் லைன் பெண்கள் மகேஸ்வரியின் பெயரைச் சொன்னார்கள். மற்ற லைன் பெண்களும் கை தூக்க, அவள் தேர்வானாள். இன்றும் அவள் காலர்தான் வைக்கிறாள், முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு. மாதத்தில் முதல் சனிக்கிழமை கேன்டீன் ஷெட்டில் கூட்டம். சுரேந்தரும் வந்து உட்காருகிறார். அவள் எழுந்து நிற்கும்போது கை இப்போதும் நடுங்குகிறது, அடிவயிறு இப்போதும் கனக்கிறது. அது போகவில்லை, போகும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை.

வணக்கத்துக்கும் முன்னால் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். முதல் கூட்டத்தில் சொன்னபோது சுரேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது பார்ப்பதில்லை.

“யாருக்காச்சும் வெளிய போகோணுமா? போயிட்டு வாங்க. வர்ற வரைக்கும் நான் நிக்கறன்.”

சில பேர் எழுந்து போவார்கள். அவள் மைக்கைப் பிடித்தபடி, அவர்கள் எல்லோரும் திரும்பி வந்து உட்காரும் வரை நிற்பாள்.